எண்ணெய் ஊற்றப் போன எஞ்சினீயர்

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன் ஒருவன்



ஆண்டு மலர் என்றால் விஞ்ஞானி, தலைவர், கவிஞர் என்று பெரிய பெரிய ஆட்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுவார்கள். நான் எழுதப் போவது எண்ணெய் ஊற்றும் வேலைக்குப் போன ஒருவரைப் பற்றி. அதற்கு முன்னால் என் சொந்த மானக்கேடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் இந்தக் கட்டுரை எங்கிருந்து முளைத்தது என்று உங்களுக்குப் புரியாது.

போன செமஸ்டர் லீவில் அப்பாவின் வண்டிக்கு நானே எஞ்சின் ஆயில் மாற்றுவது என்று முடிவு செய்தேன். டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறவன் ஒரு 100 சிசி வண்டிக்கு ஆயில் மாற்றக் கடையில் போய் நின்றால் ஊர் சிரிக்காதா? வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து வந்த பழைய அலுமினியச் சட்டியைக் கீழே வைத்து, மல்லாந்து படுத்து, ட்ரெயின் போல்ட்டில் 17 நம்பர் ஸ்பானரை மாட்டி இழுத்தேன். அசையவில்லை. மூச்சைப் பிடித்து இழுத்தேன். ம்ஹூம்! ஸ்பானர் வழுக்கிக் கை முட்டியில் தோல் போனதுதான் மிச்சம்.

இரண்டு விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒன்று, கடைசியாக வண்டியை விட்ட கடையில் யாரோ ஸ்க்ரூ ஸ்பானரைப் போட்டுத் தன் பலத்தையெல்லாம் அந்தப் போல்ட்டில் காட்டியிருக்கிறார்கள். தலையின் முனைகள் மழுங்கிக் கிடந்தன. இரண்டாவதைச் சொல்லத்தான் வெட்கம். மேலேயிருந்து பார்த்துப் பழகிய கைக்குக் கீழேயிருந்து பார்க்கும்போது திசை குழம்பிவிடுகிறது. கழற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பத்து நிமிஷமாக நான் முறுக்கிக்கொண்டிருந்தேன்! இன்னும் கொஞ்சம் முறுக்கியிருந்தால் கிராங்க்கேஸில் மரையே போயிருக்கும். (நமக்கு மரை கழன்றால் ஃப்ரெண்ட்ஸ் சிரித்துவிட்டுப் போவார்கள். அலுமினியத்துக்கு மரை போனால் அப்பா சிரிக்க மாட்டார்.)

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் எங்கள் ஒர்க்‌ஷாப் சார் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவர் திட்டவில்லை. போல்ட்டைச் சுற்றித் துருநீக்கி எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற வைக்கச் சொன்னார். காலையில் எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓட விட்டு நிறுத்தச் சொன்னார். சூடானால் எஃகு விரிவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அலுமினியம் விரியும். போல்ட்டின் மேல் கேஸின் பிடி தளரும். மெட்டலர்ஜியில் விரிவுக் குணகம் என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோமே, அது இதற்குத்தான். அப்புறம் 6 முனை பாக்ஸ் ஸ்பானர். மழுங்கிய தலையில் 12 முனை ஸ்பானர் போட்டால் இருக்கிற முனையும் போய்விடும். தொங்கி இழுக்காமல், பிடியைக் கழற்றும் திசையில் சுத்தியலால் டொக் என்று ஒரு தட்டு. அவ்வளவுதான், விட்டது. தார் மாதிரி கறுப்பாகச் சூடான எண்ணெய் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடியது. அந்தச் சந்தோஷத்தை எந்த ரிசல்ட் பார்த்தபோதும் நான் அடைந்ததில்லை.

எண்ணெய் வடிந்துகொண்டிருக்கும்போது சார் ஒரு கேள்வி கேட்டார். இந்த எஞ்சினுக்குள் ஒரு பம்ப் இருக்கிறது, அது ஓட ஓடத் தனக்குத் தானே எண்ணெய் போட்டுக்கொள்கிறது, நீ சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். பம்ப் இல்லாத காலத்தில் ஓடுகிற எஞ்சினுக்கு யார் எண்ணெய் போட்டார்கள், தெரியுமா என்றார். தெரியாது என்றேன். எலைஜா மெக்காய் என்று பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் காபி குடிக்க உள்ளே போய்விட்டார். மீதியை லைப்ரரியிலும் மற்ற இடங்களிலும் நானே தேடிப் படித்தேன்.

எலைஜா மெக்காய் 1844-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி கனடாவில், இன்றைய ஒன்டாரியோ மாகாணத்தின் கோல்செஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். ஆனால் அவருடைய அப்பா ஜார்ஜும் அம்மா மில்ட்ரெடும் கனடாக்காரர்கள் இல்லை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அடிமை என்றால் சும்மா வார்த்தைக்குச் சொல்லும் அடிமை அல்ல. மாட்டைப்போல விற்கலாம், வாங்கலாம், பெண்டாட்டி ஒரு ஊர், புருஷன் ஒரு ஊர் என்று பிரித்து அனுப்பலாம். அதைச் சட்டமே அனுமதித்த காலம். அங்கிருந்து இருவரும் தப்பி வடக்கே ஓடினார்கள்.

அவர்கள் தப்பிய வழிக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. தமிழில் சொன்னால் தலைமறைவு ரயில்பாதை. உண்மையில் அங்கே தண்டவாளமும் கிடையாது, எஞ்சினும் கிடையாது. அடிமை முறையை வெறுத்த கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து, ராத்திரியோடு ராத்திரியாக ஓடி வருபவர்களை வீட்டுக்கு வீடு ஒளித்து வைத்து அடுத்த ஊருக்குக் கடத்திவிட்ட ஏற்பாடு அது. ஒளியும் வீட்டுக்கு ஸ்டேஷன் என்று பெயர், வழிகாட்டிக்குக் கண்டக்டர் என்று பெயர். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியான கனடாவில் 1834-லேயே அடிமை முறை ஒழிந்திருந்ததால் அந்தப் பாதையின் கடைசி ஸ்டேஷன் பெரும்பாலும் கனடாதான். இல்லாத ரயிலேறித் தப்பிய பெற்றோரின் பிள்ளை, பிற்காலத்தில் நிஜ ரயிலில் ஏறி எண்ணெய் ஊற்றினான் என்பதை நினைக்கும்போது எனக்கு என்னவோ போல் இருந்தது.

குடும்பம் பெரியது. பன்னிரண்டு பிள்ளைகள் என்கிறார்கள். பின்னால் அவர்கள் எல்லை தாண்டி மீண்டும் அமெரிக்காவுக்கு வந்து மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலான்டி என்ற ஊரில் குடியேறினார்கள். எலைஜாவுக்குச் சின்ன வயதிலேயே கருவிகள் மேல் ஆசை. எதையாவது பிரிப்பான், திரும்பப் பூட்டுவான். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் வீட்டு ரேடியோவைப் பிரித்து உதை வாங்கியவர்கள். ஆனால் அவனுடைய அப்பா அம்மா உதைக்கவில்லை. கையில் இருந்ததைச் சேர்த்து, 15 வயதுப் பையனை அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம், ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்துக்குத் தொழில் கற்க அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே குற்றம் என்று அடிமைகளைப் பொறுத்தவரை பல தென் மாநிலங்களில் சட்டம் இருந்த காலம். அந்த மண்ணிலிருந்து தப்பி வந்த ஒரு குடும்பம் மகனை எஞ்சினீயராக்கிப் பார்ப்பது என்று முடிவெடுக்கிறது. அக்கம்பக்கத்தில் அந்தப் படிப்புக்கு அவனைச் சேர்த்துக்கொள்ள ஆளில்லை என்பதால் கப்பலேற்றி விடுகிறது. நம் வீடுகளிலும் முதல் தலைமுறையாக ஒருத்தன் டிப்ளமோ சேரும்போது தோடும் மோதிரமும் அடகுக் கடைக்குப் போகிறது. ஆகவே அந்த அம்மாவின் மனசு எனக்கு ஓரளவு புரிகிறது.

எடின்பரோவில் அப்ரண்டிஸாக இருந்து கற்று, மெக்கானிக்கல் எஞ்சினீயர் என்ற தகுதிச் சான்றிதழோடு எலைஜா மிச்சிகன் திரும்பினார். அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்து, 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. சட்டம் மாறியது. ஆட்கள் மாறினார்களா?

எஞ்சினீயர் வேலை கேட்டுப் போனார். கிடைக்கவில்லை. சான்றிதழில் குறை இல்லை, தோலின் நிறத்தில்தான் குறை கண்டார்கள். கடைசியில் மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் ஒரு வேலை கிடைத்தது. ஃபயர்மேன், கூடவே ஆயில்மேன். அதாவது எஞ்சினின் அடுப்புக்குக் கரி அள்ளிப் போட வேண்டும். வண்டி நிற்கும்போதெல்லாம் எண்ணெய்க் கேனோடு கீழே குதித்து உரசுகிற இடத்துக்கெல்லாம் எண்ணெய் விட வேண்டும்.

நண்பர்களே, நம் சீனியர் அண்ணன்களைக் கேட்டுப் பாருங்கள். கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் டிப்ளமோவை வாங்கி ஃபைலில் வைத்துவிட்டுக் கையில் காட்டன் வேஸ்ட்டையும் விளக்குமாற்றையும் கொடுத்த கதை அவர்களிடம் நிறைய இருக்கும். டிராயிங் போடத் தெரிந்தவன் டீ வாங்கிக்கொண்டு வருவான். ஆனால் நமக்கு ஆறு மாதம் கழித்து, ஒரு வருஷம் கழித்து வழி உண்டு. மெக்காய்க்கு அந்தப் பேச்சே கிடையாது. கரி அள்ளுவதிலிருந்து டிரைவராக ஏறும் பாதை அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான்.

சரி, அந்த எண்ணெய் வேலை என்றால் என்ன என்று கொஞ்சம் பார்ப்போம். தெர்மல் லேபில் ஸ்டீம் எஞ்சின் மாடலைப் பார்த்திருக்கிறோம், அதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் எஞ்சினில் உரசல் இரண்டு வகை. ஒன்று வெளியே: அச்சு, பேரிங், கனெக்டிங் ராடு. அங்கே எண்ணெய் குறைந்தால் சூடேறும், புகையும், உலோகம் உருகி ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அச்சுப் பெட்டிக்குள் எண்ணெயில் ஊறிய பஞ்சுக் கழிவைத் திணித்து வைத்திருப்பார்கள். அது காய்ந்துபோய்த் தீப்பிடிப்பதும் உண்டு. ரயில்காரர்கள் அதை ஹாட் பாக்ஸ் என்பார்கள். ஆகவே சில மைலுக்கு ஒருமுறை வண்டியை நிறுத்து, இறங்கு, எண்ணெய் விடு, ஏறு. இதுதான் வேலை.

இரண்டாவது உள்ளே: சிலிண்டரும் ஸ்டீம் வால்வும். சிக்கலே இங்கேதான். சிலிண்டருக்குள் நீராவி அழுத்தத்தோடு இருக்கும்போது மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்ற முடியுமா? குக்கரில் விசில் வருவதற்கு முன் மூடியைத் திறந்து உப்புப் போடுகிற கதைதான்! நீராவியை அடைத்த பிறகுதான் ஊற்ற முடியும். வண்டி ஸ்டேஷனில் நிற்க வேண்டும், அல்லது சரிவில் தானாக உருண்டுகொண்டிருக்க வேண்டும். சரிவில் போகும்போது ஃபயர்மேன் கேபினை விட்டு வெளியே வந்து, பாய்லரின் ஓரமாக உள்ள நடைபலகையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து போய் ஊற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். ராத்திரி, மழை, பனி எதுவானாலும். கால் வழுக்கினால் கதை முடிந்தது.

ஊற்றியது என்ன எண்ணெய் என்று நினைக்கிறீர்கள்? ஆரம்பத்தில் மாட்டுக் கொழுப்பு! உருக்கிச் சட்டியில் எடுத்துப் போவார்கள். அதனால் அமெரிக்க ரயில்காரர்களின் பேச்சு வழக்கில் ஃபயர்மேனுக்குக் கொழுப்புச் சட்டி என்றே பட்டப்பெயர். பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் என்ற ஊரில் 1859-இல் கிணறு தோண்டிப் பெட்ரோலியம் எடுத்த பிறகு தாது எண்ணெய் மெல்ல மெல்ல வந்தது. கொழுப்பில் இன்னொரு தொல்லை: நீராவிச் சூட்டில் அது சிதைந்து அமிலமாகி இரும்பையே அரிக்கும். காப்பாற்றப் போட்டதே கடிக்கும்.

இந்தக் கொழுப்புச் சட்டியைத் தூக்கியவர்கள் ஆயிரக்கணக்கானோர். அதில் எடின்பரோ சான்றிதழோடு தூக்கியவர் மெக்காய். மற்றவர்கள் இதுதான் வேலை என்று ஊற்றினார்கள். இவர் ஊற்றிக்கொண்டே, ஏன் வண்டியை நிறுத்த வேண்டும் என்று யோசித்தார். இப்சிலான்டியில் வீட்டிலேயே ஒரு பட்டறை வைத்துக்கொண்டு ஷிப்ட் முடிந்து வந்த நேரத்தில் செய்து பார்த்தார்.

அவர் பிடித்த வழி எளிமையானது. நீராவி அழுத்தம் இருப்பதால்தானே எண்ணெய் ஊற்ற முடியவில்லை? அந்த அழுத்தத்தையே வேலைக்காரனாக வைத்துக்கொண்டால்? சிலிண்டரோடு இணைத்த ஒரு எண்ணெய்க் கிண்ணம். அதன் நடுவே ஒரு தண்டு, தண்டோடு வால்வு. நீராவி பாயும்போது அந்த அழுத்தமே தண்டைத் தள்ளி வால்வைத் திறக்கும், எண்ணெய் உள்ளே இறங்கும். நீராவி நின்றால் எண்ணெயும் நிற்கும். அதாவது எஞ்சின் வேலை செய்யும்போது மட்டும், எப்போது தேவையோ அப்போது மட்டும் எண்ணெய். ஆள் நடைபலகையில் தொங்க வேண்டாம். 1872 ஜூலையில் இதற்கு அமெரிக்க பேடண்ட் கிடைத்தது. எண் 129843.

அந்த 1872 அவருக்கு வெறும் சந்தோஷ வருஷம் இல்லை. 1868-இல் ஆன் எலிசபெத் ஸ்டூவர்ட் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்திருந்தார். நாலே வருஷத்தில் அந்த அம்மாள் இறந்துபோனார். மனைவி போன துக்கமும் பேடண்ட் வந்த மகிழ்ச்சியும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் அந்த வீட்டுக்குள் நுழைந்திருக்கின்றன. அடுத்த வருஷம் மேரி எலினோரா டெலனி என்பவரை மணந்தார். மேரியும் சாதாரணப் பெண்மணி அல்ல. டெட்ராய்ட் நகரத்தில் ஆதரவற்ற கறுப்பினப் பாட்டிமார்களுக்கு ஒரு இல்லம் அமைக்க முன்நின்றவர், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுத் தெருவில் இறங்கியவர்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சில புத்தகங்களில் உலகத்திலேயே முதன்முதலில் தானியங்கி எண்ணெய்க் கருவி செய்தவர் மெக்காய்தான் என்று அடித்து எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லை. இங்கிலாந்தில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற எஞ்சினீயர் 1860-லேயே ஒரு லூப்ரிகேட்டர் செய்திருக்கிறார். எண்ணெய்ப் பாத்திரத்துக்குள் கொஞ்சம் நீராவி போய்க் குளிர்ந்து தண்ணீராகும். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். எண்ணெய் மேலே மிதந்து வழிந்து சிலிண்டருக்குப் போகும். அழகான யோசனை! ஆகவே மெக்காய் முதல் ஆள் இல்லை. என்னைக் கேட்டால் அவருக்கு அந்தப் பட்டம் தேவையும் இல்லை. ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. மெக்காய் எண்ணெயை விடவே இல்லை. ஐம்பது வருஷம் அதையே திருப்பித் திருப்பிச் செதுக்கினார். அவர் பெயரில் மொத்தம் 57 பேடண்டுகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். பெரும்பாலானவை எண்ணெய் போடும் கருவிகள்தான். நடுவில் 1874-இல் மடக்கி வைக்கிற இஸ்திரி மேஜை, 1899-இல் புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் என்று வீட்டுச் சாமான்களும் உண்டு. கறுப்பினக் கண்டுபிடிப்பாளர்களில் மிக அதிக பேடண்ட் வாங்கியவர் இவர் என்று புக்கர் டி. வாஷிங்டன் 1909-இல் வந்த தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

57 பேடண்ட் என்றால் பெரிய கோடீஸ்வரராகியிருப்பார் என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் இந்த வாழ்க்கையின் நெருடல் இருக்கிறது. பேடண்ட் என்பது ஒரு காகிதம். அதை வைத்து ஃபவுண்டரி கட்ட முடியாது, லேத் வாங்க முடியாது. முதல் போட அவரிடம் பணம் இல்லை. ஒரு கறுப்பருக்கு நம்பிக் கடன் கொடுக்கவும் அக்காலத்தில் ஆள் குறைவு. அதனால் கருவி கருவியாகச் செய்வார், பேடண்ட் வாங்குவார், உரிமையை முதலாளிகளுக்கோ பணம் போடுபவர்களுக்கோ எழுதிக்கொடுப்பார். வந்த காசை வைத்து அடுத்த கருவியைச் செய்வார். ரயில் எஞ்சின், ஏரிக் கப்பல், தொழிற்சாலை என்று எங்கெங்கோ அவருடைய கருவிகள் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தன. பெரும்பாலானவற்றின் மேல் வார்த்திருந்த பெயர் அவருடையது இல்லை.

நம் ஊரில் சொல்வார்களே, உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று. அது இவருக்கு அப்படியே பொருந்தும்.

பெயர் என்றதும் இன்னொன்று. அசல் சரக்கு, போலியில்லை என்பதற்கு ஆங்கிலத்தில் அசல் மெக்காய் என்று ஒரு வழக்கு இருக்கிறது. ரயில் எஞ்சினீயர்கள் கடையில் போலி லூப்ரிகேட்டர்களைத் தள்ளிவிட்டு மெக்காய் செய்ததையே கேட்டு வாங்கியதால் அது வந்தது என்று ஒரு கதை பரவியிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிட்டத்தட்ட அதே சொல் மெக்கே என்ற உச்சரிப்போடு 1856-லேயே ஸ்காட்லாந்தில் விஸ்கிக்காகப் புழங்கியிருக்கிறது. அப்போது நம்ம ஆளுக்கு வயது 12! தவிர, அவர் கருவிகளில்தான் பெரும்பாலும் அவர் பெயரே இல்லையே, எப்படிக் கேட்டு வாங்கியிருப்பார்கள்? கதையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஆள் குறையவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது.

மெக்காய் டெட்ராய்ட்டுக்கு 1882-இல் குடிபோன காலத்தை ஒட்டி, இங்கிலாந்தில் எண்ணெயைப் பற்றி ஒரு வேடிக்கையான சோதனை நடந்தது. நம் பாடத்திலும் இது வரும், அதனால் சொல்கிறேன். பியூசாம்ப் டவர் என்பவர் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். பேரிங்கின் மேல்பக்கம் எண்ணெய் விட ஒரு ஓட்டை போட்டார். எஞ்சினை ஓட்டினால் அந்த ஓட்டை வழியாக எண்ணெய் உள்ளே போகாமல் வெளியே வருகிறது! கார்க் வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடித்து அடைத்தார், அதையும் தள்ளிவிட்டது. சுழலும் தண்டு தானே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து அழுத்தமான ஒரு படலமாக்கி, அந்தப் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருந்தது. 1883-இல் அவருடைய அறிக்கை வந்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் (ஆமாம், ரெனால்ட்ஸ் நம்பர் ரெனால்ட்ஸேதான்) அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். உலோகமும் உலோகமும் தொடவே கூடாது, நடுவில் எப்போதும் எண்ணெய் இருக்க வேண்டும். விட்டு விட்டு ஊற்றினால் படலம் அறுந்துபோகும். மெக்காய் ஒரு கணக்கும் போடாமல் சட்டி தூக்கிய அனுபவத்திலிருந்தே இதன் பக்கம் வந்து நின்றிருந்தார்.

வயதான பிறகும் எண்ணெய் அவரை விடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூப்பர் ஹீட்டர் வைத்த ரயில் எஞ்சின்கள் வந்தன. நீராவியை மேலும் சூடாக்கினால் கரியும் தண்ணீரும் மிச்சம், சக்தி அதிகம். ஆனால் அந்தச் சூட்டில் சாதாரண எண்ணெய் கருகிப்போனது. எண்ணெயோடு கிராஃபைட் பொடி கலந்தால் தாங்கும். நம் பென்சில் ஊக்கில் இருக்கும் அதே கிராஃபைட்தான், வழவழவென்று இருக்கும், சூட்டுக்கு அஞ்சாது. கஷ்டம் என்னவென்றால் பொடி அடியில் தங்கிக் குழாயை அடைக்கும். அடைக்காமல் எண்ணெயோடு கிராஃபைட்டை அனுப்பும் லூப்ரிகேட்டர் ஒன்றை எழுபது வயதைத் தாண்டிய மெக்காய் அமைத்தார். நம் ஊரில் அந்த வயதில் திண்ணையில் சாய்ந்து பேரனைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்வார்கள்.

1920-இல், 76-ஆவது வயதில், டெட்ராய்ட்டில் எலைஜா மெக்காய் மேனுஃபாக்சரிங் கம்பெனி தொடங்கியது. முதல் பேடண்ட் வாங்கி 48 வருஷம் கழித்துத் தன் பெயரைத் தன் கருவியின் மேல் பார்த்தார். எடின்பரோவுக்குக் கப்பலேற்றிவிட்ட அப்பாவும் அம்மாவும் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அந்த மகிழ்ச்சி இரண்டு வருஷம்தான். டெட்ராய்ட் அப்போது மோட்டார் நகரமாக மாறியிருந்தது. ஃபோர்டு கார்கள் லட்சக்கணக்கில் வெளியே வந்துகொண்டிருந்தன. அந்தக் கார்களில் கிராங்க்கேஸுக்குள்ளேயே எண்ணெய். ஓடும்போது அதுவே தெறித்துப் பேரிங்குகளை நனைக்கும். எண்ணெய்க்காரன் என்ற ஆளே தேவையில்லாமல் போன வண்டி. 1922-இல் எலைஜாவும் மேரியும் ஒரு கார் விபத்தில் சிக்கினார்கள். அந்தக் காயத்திலிருந்து மேரி மீளவில்லை, 1923-இல் இறந்தார். ஐம்பது வருஷத் துணை. எலைஜாவின் உடம்பும் அதற்குப் பிறகு பழையபடி ஆகவில்லை, மனசும் ஆகவில்லை. நினைவு தடுமாறத் தொடங்கியது. கையிலும் காசு இல்லை. 1928-இல் டெட்ராய்ட்டுக்கு வெளியே எலோயீஸ் என்ற இடத்தில் இருந்த பொது ஆதரவு விடுதியில் சேர்த்தார்கள். 1929 அக்டோபர் 10-ஆம் தேதி அங்கே 85-ஆவது வயதில் இறந்தார்.

இறந்த பிறகு மரியாதை வந்தது, வழக்கம்போல. 1970-களில் டெட்ராய்ட்டில் அவர் வீடு இருந்த இடத்தில் நினைவுப் பலகை வைத்தார்கள், பக்கத்துத் தெருவுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 2001-இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கில் சேர்த்தார்கள். 2012-இல் அமெரிக்க பேடண்ட் அலுவலகம் தலைநகர் வட்டாரத்துக்கு வெளியே தன் முதல் கிளையை டெட்ராய்ட்டில் திறந்தது. அந்தக் கிளைக்கு எலைஜா மெக்காய் பெயரை வைத்தார்கள். காசுக்காகப் பேடண்டுகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொடுத்தவர் பெயரில் பேடண்ட் ஆபீஸ்! எழுதியவர்கள் யோசித்துத்தான் வைத்தார்களா, எதேச்சையாக அமைந்ததா தெரியாது. படித்ததும் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

என் வண்டி விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். எண்ணெய் சொட்டுச் சொட்டாகி நின்ற பிறகு சார் அந்த மழுங்கிய போல்ட்டைத் திரும்பப் போட விடவில்லை. புது போல்ட், புது வாஷர் வாங்கி வரச் சொன்னார். முதல் நாலைந்து சுற்று விரலாலேயே போடச் சொன்னார். விரலால் ஏறாவிட்டால் மரை கோணிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், ஸ்பானரை எடுக்கவே கூடாது. கடைசியில் வாஷர் உட்காரும் அளவுக்கு ஒரு அழுத்து, போதும், உன் வீரத்தைக் காட்டாதே என்றார். புதிய எண்ணெயை ஊற்றி, ஒரு நிமிஷம் ஓட விட்டு, நிறுத்தி, கம்பியில் அளவு பார்த்தோம். பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டப் போன என் கையைப் பிடித்து நிறுத்தி, பழைய கேனிலேயே ஊற்றிக் கழிவு எண்ணெய் வாங்குபவரிடம் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த தடவை ஆயில் மாற்றும் நாள் பொங்கலை ஒட்டி வருகிறது. பாக்ஸ் ஸ்பானரும் இரண்டு வாஷரும் இப்போதே வாங்கி வைத்துவிட்டேன். கழற்றும் திசைக்கு அம்புக்குறி போட்டு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பெயின்ட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். அப்பா இன்னும் பார்க்கவில்லை.